கல்லாய் இறுகிய பிரேக் பெடலும் காணாமல் போன வேக்கமும்

ஷெட்டுக்குள் வண்டியை ரிவர்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தேன். முதல் மிதிக்கு ஒழுங்காக நின்றது. கொஞ்சம் முன்னால் எடுத்து ஸ்டியரிங்கைத் திருப்பி, மறுபடி ரிவர்ஸ் போட்டு, மறுபடி மிதித்தேன். பெடல் பாதி வழியிலேயே கல்லாகிவிட்டது. இரண்டு காலையும் வைத்து அழுத்தின பிறகுதான் வண்டி நின்றது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். பின் பம்பருக்கும் சுவருக்கும் நடுவே என் உள்ளங்கை நுழையும் அளவுக்குத்தான் இடம் இருந்தது.

வண்டி 5.7 லிட்டர் வி8. நான்கு பேரல் கார்புரேட்டர், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், பவர் பிரேக். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வேக்கத்தை, அதாவது குறைந்த அழுத்தத்தை, வைத்துக் காலுக்கு உதவும் வேக்கம் பூஸ்டர் அதில் உண்டு. மூன்று வாரத்துக்கு முன்னால், எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்டை மாற்றி, வால்வு கூடுதல் நேரம் திறந்திருக்கும் பெரிய கேம் போட்டிருந்தேன். 0.050 அங்குல லிஃப்டில் 236 டிகிரி டூரேஷன், லோப் செபரேஷன் 108 டிகிரி. மேல் ஆர்.பி.எம்.மில் எஞ்சின் பறந்தது, ஐட்லிங்கில் அந்தத் தடதட சத்தமும் கிடைத்தது. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்கே யோசித்திருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

பெடல் இறுகினால் பூஸ்டர் போச்சு என்பதுதான் எல்லோரும் சொல்வது. நானும் பூஸ்டரைத்தான் முதலில் மாற்றினேன். டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து நான்கு நட்டைக் கழற்ற ஒரு மதியம் முழுக்கப் போனது. புதியதைப் போடும்போது பூஸ்டரின் தள்ளுகம்பியான புஷ்ராடுக்கும், பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து அரை மில்லிமீட்டர் வைத்தேன். இதை மட்டும் யாரும் விட்டுவிட வேண்டாம். ராடு நீளமாக இருந்தால் பிரேக் முழுசாக விடாமல் உரசிக்கொண்டே சூடேறும், குட்டையாக இருந்தால் பெடலின் முதல் பாதி வீணாக உள்ளே போகும். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனால் பெடல் அப்படியேதான் இருந்தது. முதல் மிதி சுமார், இரண்டாவது மிதி கல்.

அப்புறம்தான் பூஸ்டர் எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து யோசித்தேன். உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம் அறையை இரண்டாகப் பிரிக்கிறது. காலை வைக்காதபோது இரண்டு பக்கமும் வேக்கம்தான். பெடலை மிதித்ததும் பின்பக்க அறைக்குள் வெளிக்காற்று நுழைகிறது. முன்பக்கம் வேக்கமாகவே இருப்பதால் வெளிக்காற்றின் அழுத்தம் டயாஃப்ரத்தை முன்னால் தள்ளுகிறது. நம் காலுக்குக் கிடைக்கும் உதவி அதுதான். காலை எடுத்ததும் பின்பக்கம் நுழைந்த காற்று முன்பக்க அறைக்குப் போய், அங்கிருந்து ஹோஸ் வழியாக எஞ்சின் அதை உறிஞ்ச வேண்டும். அதற்குள் மறுபடி மிதித்தால் பூஸ்டரில் மிச்சம் இருக்கும் வேக்கத்தை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். ஆக, இரண்டாவது மிதி இறுகுகிறது என்றால் பூஸ்டரில் சேமிப்பு குறைவு, எஞ்சினும் வேகமாக நிரப்பவில்லை என்று அர்த்தம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயாஃப்ரத்தின் பரப்பு சுமார் 314 சதுர சென்டிமீட்டர். வேக்கத்தை அளக்கும் கேஜில் 18 அங்குலம் (பாதரச அங்குலம்) இருந்தால் அது தள்ளும் விசை ஏறக்குறைய 195 கிலோ. 7 அங்குலம்தான் இருக்கிறது என்றால் 76 கிலோ. மீதி 119 கிலோவை நம் கால்தான் பெடலின் நெம்புகோல் வழியாக ஈடுகட்ட வேண்டும். பவர் பிரேக் வண்டிகளில் பெடல் விகிதம் பூஸ்டரை நம்பிக் குறைவாகத்தான் வைத்திருப்பார்கள், அதனால் பூஸ்டர் கைவிட்டால் சாதா பிரேக் வண்டியைவிட இது மோசமாக இறுகும்.

சரி, கேஜை மாட்டினேன். வேக்கம் கேஜ் மாதிரி எளிமையான கருவி வேறு கிடையாது, ஆனால் அது சொல்கிற அளவுக்கு வேறு எதுவும் சொல்லாது. கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவையைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டின் நடு அறையிலிருந்து வரும் குழாயில் மாட்ட வேண்டும். ஏதாவது ஒரு சிலிண்டருக்குப் போகும் தனிக் கிளையிலிருந்து (ரன்னர்) எடுத்தால் முள் துள்ளிக்கொண்டே இருக்கும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கையும் போட்டுவிட்டுப் பார்த்தேன். 900 ஆர்.பி.எம். ஐட்லிங், நியூட்ரலில் எட்டரை அங்குலம். முள் ஓரிடத்தில் நிற்காமல் இரண்டு அங்குலத்துக்கு நடுங்கியது. நண்பரை உட்காரவைத்து பிரேக்கை மிதித்தபடி டிரைவ் போடச் சொன்னேன். ஆறரைக்கு இறங்கியது.

ஆட்டோமேட்டிக் வண்டியில் டிரைவ் போட்டு அளக்காதவர்கள் பாதி உண்மையைத்தான் பார்க்கிறார்கள். நாம் பிரேக் மிதித்து நிற்கும்போது வண்டி நியூட்ரலில் இருப்பதில்லை. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் சுமையோடுதான் எஞ்சின் சுற்றுகிறது, உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் அதற்கேற்ப இன்னும் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும், வேக்கம் இன்னும் கொஞ்சம் விழும்.

சாதாரண கேம் உள்ள நல்ல எஞ்சின் கடல் மட்டத்தில் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும், முள்ளும் அசையாமல் நிற்கும். உயரம் ஏற ஏற 300 மீட்டருக்கு ஓர் அங்குலம் வீதம் குறையும். பெரிய கேமில் இந்த எண்ணை எதிர்பார்க்க முடியாது. எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்கு முன்பே இன்டேக் வால்வு திறந்துவிடுகிறது. ஓவர்லாப் எனப்படும் அந்த நேரத்தில், ஐட்லிங்கில் எக்ஸாஸ்ட் புகை இன்டேக்குக்குள்ளேயே திரும்பி வருகிறது. இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால் உள்ளே இழுத்த கலவையில் ஒரு பங்கு மேனிஃபோல்டுக்கே திரும்பத் தள்ளப்படுகிறது. எஞ்சின் அணையாமல் இருக்க த்ராட்டிலைக் கூடுதலாகத் திறந்து வைக்கிறோம். எல்லாம் சேர்ந்து வேக்கத்தைத் தின்றுவிடும். ஐட்லிங்கில் கேட்கும் அந்தத் தடதட சத்தமே இந்தத் தின்பாட்டின் சத்தம்தான்.

ஆனால் இந்த கேமுக்கு 11 முதல் 12 வரையாவது வந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் எங்கேயோ போயிருக்கிறது. முள்ளின் நடுக்கமும் அதையே சொன்னது. கேம் ஓவர்லாப்பால் முள் ஒரே தாளத்தில் லேசாக ஆடும். இது அப்படி இல்லை, இடையிடையே சட்டென்று விழுந்து எழுந்தது.

முதல் சோதனை எல்லா ஹோஸ்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மேனிஃபோல்டின் வாயை அடைத்துப் பார்ப்பது. பூஸ்டருக்குப் போகும் ஹோஸை அடைத்தேன், எண் மாறவில்லை. கியர்பாக்ஸின் வேக்கம் மாடுலேட்டருக்குப் போவது, எஞ்சினின் அடியறைப் புகையை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸ், எதை அடைத்தும் எண் மாறவில்லை. பூஸ்டர் ஹோஸை அடைத்து எண் ஏறியிருந்தால் பூஸ்டர் பக்கம் ஒழுகல் என்று பொருள். ஏறவில்லை என்றால் பூஸ்டர் குற்றவாளி இல்லை. பூஸ்டரை மாற்றுவதற்கு முன் செய்திருக்க வேண்டிய இரண்டு நிமிட வேலை இது. கழற்றி வைத்திருந்த பழைய பூஸ்டரையும் கை பம்பால் 20 அங்குலத்துக்கு இழுத்து வைத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடம் கழித்தும் 20. அது நல்ல பூஸ்டர். முன்முகத்தில் மாஸ்டர் சிலிண்டர் உட்காரும் இடத்தின் அடியில் ஒரு குச்சியில் பஞ்சு சுற்றி விட்டுப் பார்த்தேன், பிரேக் ஆயில் ஈரமும் இல்லை. மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் கசிந்தால் ஆயில் பூஸ்டருக்குள் இறங்கி டயாஃப்ரத்தைக் கெடுக்கும், சில சமயம் எஞ்சின் அதை உறிஞ்சி வெள்ளைப் புகையாக வெளியே விடும். எனக்கு அதுவும் இல்லை.

அடுத்து ஸ்ப்ரே. கார்புரேட்டர் கிளீனரை மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓரமாக, கார்புரேட்டர் அடித்தட்டு ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தேன். ஒழுகல் இருந்தால் எஞ்சின் சத்தம் உடனே மாறும். தீயணைப்பானைக் கையருகே வைத்துக்கொண்டு, ஹெட்டர்கள் எனப்படும் எக்ஸாஸ்ட் குழாய்கள் மேல் படாமல் அடிக்க வேண்டும், சூடான ஹெட்டரில் பட்டால் பற்றிக்கொள்ளும். நான்கு மூலையும் சுற்றி வந்தேன். எஞ்சின் அசையவே இல்லை.

இங்கேதான் பலரும் ஒழுகல் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நானும் அன்றைக்கு அப்படி நினைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் காலை எட்டு பிளக்கையும் கழற்றி வரிசையாக ஒரு துணியில் வைத்தபோதுதான் விஷயம் புரிய ஆரம்பித்தது. ஆறு பிளக்கில் உலர்ந்த கரி. நடுவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிலிண்டர்களின் பிளக்கில் மட்டும் எண்ணெய்ப் பளபளப்பு, விரலில் தேய்த்தால் வழுக்கியது. வி வடிவ எஞ்சினில் மேனிஃபோல்டின் மேல் ஓரம் மட்டும்தான் நம் கண்ணுக்கும் ஸ்ப்ரேக்கும் எட்டும். கீழ் ஓரம் வி-யின் நடுவே, எஞ்சின் உட்புறத்தோடு சேர்ந்திருக்கும் லிஃப்டர் பள்ளத்தைப் பார்த்திருக்கிறது. அங்கே கேஸ்கெட் சரியாக உட்காராவிட்டால் எஞ்சின் வெளிக்காற்றை அல்ல, எஞ்சினின் அடியறையான கிராங்க்கேஸுக்குள் இருக்கும் எண்ணெய் ஆவியை உறிஞ்சும். வெளியே எவ்வளவு ஸ்ப்ரே அடித்தாலும் அது தெரியாது.

அதற்கு ஒரு சோதனை இருக்கிறது, மிகவும் எளிது. பிசிவி ஹோஸை எடுத்து மேனிஃபோல்டு பக்கத்தை அடைத்தேன். வால்வு கவரில் இருக்கும் துவாரங்களையும் அடைத்தேன், டிப்ஸ்டிக் நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றிவிட்டு அந்த வாயில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். நல்ல எஞ்சினில் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி வரும் புகையால் உள்ளே லேசாக அழுத்தம் கூடும், தாள் வெளியே உப்பும். என் தாள் இரண்டு விநாடி அப்படியே இருந்தது. பிறகு மெதுவாக, மூச்சை உள்ளே இழுப்பது போல, குழிந்து உள்ளே போனது. ஓரத்தை விட்டுவிட்டால் உள்ளேயே விழுந்துவிடும் போல இறுக்கமாக ஒட்டிக்கொண்டது. கிராங்க்கேஸில் வேக்கம் இருக்க வேறு வழியே இல்லை. மேனிஃபோல்டு கீழ்ப்பக்கம் வழியாகத்தான் உறிஞ்சுகிறது. இந்தச் சோதனையைச் சில விநாடிகளுக்கு மேல் நீட்ட வேண்டாம், எல்லாத் துவாரத்தையும் அடைத்து வைத்தால் எண்ணெய் சீல்களுக்குக் கேடு.

மேனிஃபோல்டைக் கழற்றினேன். கேஸ்கெட்டின் மேல் பாதியில் அழுந்திய தடம் தெளிவாக இருந்தது. கீழ் ஓரத்தில், அந்த இரண்டு போர்ட்டுகளுக்கு அடியில், தடமே இல்லை, எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. காரணம் முன்னும் பின்னும் பிளாக்கின் விளிம்பில் வைத்திருந்த கார்க் பட்டைகள். அவை தடிமனாக இருந்து மேனிஃபோல்டைத் தூக்கிப் பிடித்திருந்தன. போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் கீழ் ஓரம் உட்காரவே இல்லை. உறுதி செய்துகொள்ள மேனிஃபோல்டை ஒட்டாமல் வெறுமனே வைத்துப் பார்த்தேன். கார்க்கோடு வைத்தால் கீழ் ஓரத்தில் 0.25 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் நுழைந்தது. கார்க்கை எடுத்துவிட்டு வைத்தால் நுழையவில்லை. கார்க்கைத் தூக்கிப்போட்டு அந்த இரண்டு விளிம்பிலும் சிலிகான் சீலன்டைத் தடிமனான கோடாக இழுத்தேன். போர்ட்டுகளுக்குப் புதுக் கேஸ்கெட். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக இறுக்கி, எஞ்சினைச் சூடாக்கி ஆறவைத்து மறுபடி ஒரு சுற்று பார்த்தேன்.

கேஜில் 11. முள்ளின் அந்தத் திடீர் விழுதல் போய்விட்டது, கேமின் தாளம் மட்டும் மிஞ்சியது. பிளாஸ்டிக் தாளும் இப்போது வெளியே உப்பியது.

இனி டைமிங். பிளக்கில் பொறி எவ்வளவு முன்கூட்டி விழுகிறது என்பதுதான் அது. அதன் அடிப்படை அளவான இனிஷியல் டைமிங் 8 டிகிரியில் இருந்தது, பழைய கேமுக்கு வைத்தது. ஐட்லிங்கில் எக்ஸாஸ்ட் புகை கலந்த மெலிந்த கலவை மெதுவாகத்தான் எரியும். அதற்கு நெருப்பை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். 16 டிகிரிக்குக் கொண்டுபோனதும் ஐட்லிங் தானாக ஏறியது, ஏறியதைத் த்ராட்டில் திருகால் இறக்கினேன், த்ராட்டில் மூடியதும் வேக்கம் கூடியது. இதில் ஒரு எச்சரிக்கை. இனிஷியலை 8 டிகிரி கூட்டினால் மேல் ஆர்.பி.எம்.மில் மொத்த டைமிங்கும் 8 டிகிரி கூடிவிடும். அங்கே 36 டிகிரி வந்துகொண்டிருந்தது, 44 ஆகிவிட்டால் எஞ்சின் தட்டி பிஸ்டன் உடையும். அதனால் ஆர்.பி.எம். ஏறும்போது டிஸ்ட்ரிபியூட்டர் தானாகக் கூட்டும் மெக்கானிக்கல் அட்வான்ஸை 20 டிகிரிக்குக் கட்டுப்படுத்தி, மொத்தம் 36-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். வேக்கத்தை வைத்து டைமிங்கைக் கூட்டும் வேக்கம் அட்வான்ஸின் ஹோஸை கார்புரேட்டரின் த்ராட்டிலுக்கு மேலுள்ள துவாரத்திலிருந்து எடுத்து நேராக மேனிஃபோல்டில் மாட்டினேன், ஐட்லிங்கிலும் அது வேலை செய்யும்படி. அந்த அட்வான்ஸ் டப்பா முழுசாக இழுக்கும் அளவு ஐட்லிங் வேக்கத்தைவிட இரண்டு அங்குலமாவது குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முள் ஏறி இறங்கும்போதெல்லாம் டைமிங்கும் ஏறி இறங்கி ஐட்லிங் தள்ளாடும்.

நியூட்ரலில் 13. டிரைவில் 11. ஆறரையில் ஆரம்பித்தது இது.

கரி படிந்த பிளக்குகளுக்கும் இதில் விடை இருந்தது. ஹோலி வகைக் கார்புரேட்டரில் பவர் வால்வு என்று ஒன்று உண்டு. வேக்கம் ஒரு அளவுக்குக் கீழே விழுந்தால், எஞ்சின் பாரம் இழுக்கிறது என்று எடுத்துக்கொண்டு கூடுதல் பெட்ரோல் விடும். என்னுடையதில் 65 என்று பொறித்திருந்தது, அதாவது ஆறரை அங்குலத்தில் திறக்கும். டிரைவ் ஐட்லிங்கும் ஆறரை. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வால்வு திறந்து பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தது. ஐட்லிங் வேக்கத்தில் பாதி என்பது வழக்கமான கணக்கு, டிரைவில் வந்த 11-ல் பாதி ஐந்தரை, அதன்படி 55 போட்டேன். கண் எரியும் அந்த வாடை அன்றோடு போய்விட்டது.

இனி பூஸ்டர் பக்கம். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை ஐந்து தடவை மிதித்து, வேக்கத்தை வெளியேற்றி, காலை அழுத்தி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தேன். பெடல் ஒரு விரல் அளவு கீழே இறங்கியது, நல்லது. இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வேக்கம் வரவில்லை அல்லது அது வேலை செய்யவில்லை. அடுத்து எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டு மிதித்தேன். இரண்டு மூன்று மென்மையான மிதிகள் கிடைத்திருக்க வேண்டும். முதல் மிதியே இறுக்கம்.

காற்றை ஒரே பக்கம் மட்டும் விடும் செக் வால்வுக்கும் பூஸ்டருக்கும் நடுவே ஒரு டி இணைப்புப் போட்டு கேஜை மாட்டினேன். எஞ்சின் நின்றதும் 13-லிருந்து ஒரு நிமிடத்தில் 5. புதுப் பூஸ்டரைக் கை பம்பால் தனியாகச் சோதித்தேன், அது பிடித்துக்கொண்டது. அப்படியானால் செக் வால்வு. கழற்றி வாயில் வைத்து இரண்டு பக்கமும் ஊதிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் காற்று போனது. பூஸ்டரிலிருந்து எஞ்சின் பக்கம் மட்டும்தான் போக வேண்டும். பெட்ரோல் ஆவியில் உள்ளே இருக்கும் ரப்பர் நாக்கு விறைத்துப்போயிருந்தது. வால்வு உட்காரும் ரப்பர் வளையத்தின் உள்விளிம்பில் மயிரிழை விரிசல், விரலால் மடக்கினால்தான் தெரிந்தது. பூஸ்டரை மாற்றும்போது பழைய வால்வையும் பழைய வளையத்தையுமே புதியதில் சொருகியிருந்தேன். இரண்டையும் மாற்றினேன்.

அப்படியே ஹோஸையும். முன்பு யாரோ பெட்ரோல் ஹோஸை வைத்திருந்தார்கள். குளிர்ந்திருக்கும்போது கெட்டியாக இருந்தது, எஞ்சின் சூடானதும் வளைவில் தட்டையாகச் சப்பி இருந்ததை விரலால் உணர்ந்தேன். உள்ளேயிருந்து தள்ளும் அழுத்தத்துக்குச் செய்த ஹோஸ், உள்ளேயிருந்து இழுக்கும் வேக்கத்துக்குத் தாங்காது. பிரேக் பூஸ்டருக்கென்றே செய்த ஹோஸ்தான் போட வேண்டும். இப்போது எஞ்சினை நிறுத்திக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் கேஜில் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை.

வண்டியை ஆளில்லாத திறந்த வெளியில் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். வேகமாகப் போய்க் காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்து பிரேக் போட்டால் பழுதே இல்லை. பெரிய கேமாக இருந்தாலும் ஆர்.பி.எம். மேலே இருக்கையில் த்ராட்டில் மூடினால் வேக்கம் 20-ஐத் தாண்டும், செக் வால்வு அதைப் பூஸ்டருக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊர்ந்து போகும்போது அந்த உதவி கிடையாது. அங்கே 11 அங்குலம், அதாவது 119 கிலோ. முதல் இரண்டு மிதி நன்றாகவே இருந்தது, மூன்றாவது மிதி இறுகியது. ஆபத்து என்று சொல்ல முடியாது, ஆனால் இந்த வண்டியில் என் அம்மாவை உட்காரவைத்துப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வேக்கம் டேங்க் வைத்துப் பார்த்தேன். கூட இரண்டு மிதி கிடைத்தது. ஆனால் டேங்க் வேக்கத்தை உண்டாக்குவதில்லை, எஞ்சின் கொடுப்பதைத்தான் சேமிக்கிறது. ஊர்ந்துகொண்டே இருந்தால் அதுவும் காலியாகி 11-க்கே வந்து நிற்கும். கடைசியில் மின்சார வேக்கம் பம்ப் வைத்தேன். ரிலே, ஃப்யூஸ், இக்னிஷன் சாவியிலிருந்து சப்ளை. வேக்கம் சுவிட்ச்சை பூஸ்டர் பக்கத்துக் குழாயில் மாட்டினேன், 16-க்குக் கீழே போனால் பம்ப் ஓடும், 20-ஐத் தொட்டால் நிற்கும். பம்புக்குத் தனியாக ஒரு செக் வால்வு உண்டு, இல்லாவிட்டால் பம்ப் நிற்கும்போது அதன் வழியாகக் காற்று திரும்பும். பம்ப் வைக்கப்போகிறோம் என்றால் எதற்கு இவ்வளவு தேடல் என்று நண்பர் கேட்டார். பம்ப் பூஸ்டரைக் காப்பாற்றும், கேஸ்கெட் ஒழுகலையும் எண்ணெய் குடிக்கும் சிலிண்டர்களையும் அப்படியே மறைத்துவிடும். செக் வால்வு ஒழுகிக்கொண்டிருந்தால் பம்ப் நிற்காமல் ஓடி ஒரே மாதத்தில் போயிருக்கும்.

நேற்று அதே ஷெட்டுக்குள் அதே ரிவர்ஸ். முன்னும் பின்னும் ஆறு தடவை மிதித்தேன். மூன்றாவது மிதியில் பம்ப் உறுமி மூன்று நான்கு விநாடியில் அடங்கியது, பெடல் ஆறாவது மிதியிலும் ஒரே மாதிரி. பம்பை நேராகத் தகரத்தில் போல்ட் செய்திருப்பதால் சத்தம் காருக்குள் வருகிறது. இந்த வாரம் அதற்கு ரப்பர் புஷ் வைக்க வேண்டும். கேஜையும் கழற்றவில்லை, பூஸ்டர் ஹோஸிலிருந்து ஒரு சிறு குழாயை இழுத்து ஸ்டியரிங் தூணுக்குப் பக்கத்தில் நிரந்தரமாகவே பொருத்திவிட்டேன்.